விழுந்த நிரலின் நினைவகம்: முழுவதையும் சேமிப்பதா, ஒரு பகுதியை மட்டும் சேமிப்பதா?

எங்கள் அலுவலகம் பெங்களூரு வெளிவட்டச் சாலையில், பெல்லந்தூர் பக்கம் இருக்கிறது. குழுவில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் சேலம், மதுரை, திருநெல்வேலி என்று இருப்பதால், வெள்ளிக்கிழமை இரவானால் மடிவாளாவில் பஸ் ஏறிவிடுவார்கள். அப்படியொரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, வணிகர்களுக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிட்டுப் பிரிக்கும் எங்கள் சி++ நிரல் விழுந்தது, அதாவது க்ராஷ் ஆகி நின்றது. சிறிது நேரத்தில், நிரல்களைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் அதை மீண்டும் எழுப்பிவிட்டது. யாருடைய பணமும் தவறவில்லை. திங்கட்கிழமை காலை இளைய பொறியாளர் ஒருவர் என் மேசைக்கு வந்து, "அண்ணா, கோர் ஃபைல் வந்திருக்கு, ஆனா உள்ளே ஸ்டேக்கே இல்லை" என்றார். கோர் ஃபைல் என்பது விழுந்த கணத்தில் நிரலின் நினைவகத்தை நகலெடுத்த கோப்பு; ஸ்டேக் என்பது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை இருக்கும் பகுதி. 40 ஜிபி நினைவகம் பிடித்திருந்த நிரலுக்கு 11 ஜிபி அளவில் ஒரு கோப்பு கிடந்தது. பிழை ஆராயும் கருவியான ஜிடிபியில் திறந்தபோது, கோர் வெட்டுப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கையும் அதன் கீழே ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகளும் வந்தன. அதே பிழை மறுபடி தலைகாட்ட நான்கு மாதம் ஆயிற்று.

அந்த நான்கு மாதத்தில் நாங்கள் எடுக்க வேண்டியிருந்த முடிவைப் பற்றியது இக்கட்டுரை. விழும் நிரலின் நினைவகத்தைப் பின்னால் ஆற அமர ஆராய்வதற்காகச் சேமித்து வைக்க லினக்ஸில் பல வழிகள் உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே அதை ஒரு கோப்பாக எழுதிவிடலாம். சிஸ்டம்டி-கோர்டம்ப் போன்ற சேகரிப்பானிடம் ஒப்படைக்கலாம். ரெஜிஸ்டர்களையும் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) ஸ்டேக்குகளையும் மட்டும் மினிடம்ப் என்ற சிறு கோப்பாகப் பிடித்து வைக்கலாம். அல்லது லாகில் ஒரு பேக்ட்ரேஸ் (ஸ்டேக்கின் எழுத்து வடிவம்) விழுந்தால் போதும் என்று விட்டுவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடிக்கடி விழும் நிரலுக்குச் சிறிய பதிவு போதும், அரிதாக விழும் நிரலுக்குத்தான் முழு நினைவகமும் வேண்டும். எப்போதோ ஒருமுறை வருவதற்கு எதற்கு இவ்வளவு டிஸ்க் என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடிக்கடி விழுவது நாளையும் விழும், அப்போது கேட்டுக்கொள்ளலாம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருவதிடம் கேட்க ஒரே ஒரு வாய்ப்புத்தான் கிடைக்கிறது.

எங்கள் கோப்பு ஏன் வெட்டுப்பட்டது என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மற்ற ஒப்பீடுகளுக்கே பொருள் வந்தது. கோர் கோப்பை எழுதுவது வேறு யாரோ அல்ல; விழுந்த நிரலே, கர்னலுக்குள் நின்றபடி, தன் நினைவகப் பகுதிகளை ஒவ்வொன்றாக எழுதுகிறது. முதலில் ரெஜிஸ்டர்கள் முதலான குறிப்புகளும், அதன் பின் தாழ்ந்த முகவரியிலிருந்து உயர்ந்த முகவரி நோக்கி நினைவகமும் எழுதப்படுகின்றன. முதன்மை த்ரெடின் (நிரலின் முதல் இயக்கத் தொடரின்) ஸ்டேக் முகவரிவெளியின் உச்சிக்கு அருகில் இருப்பதால் அது ஏறக்குறைய கடைசியில்தான் வரும். எங்கள் டிஸ்க் நொடிக்கு சுமார் 200 எம்பி எழுதக்கூடியது. 40 ஜிபி எழுத 200 நொடி வேண்டும். எழுதி முடியும்வரை நிரலின் சாக்கெட்டுகள் மூடப்படுவதில்லை என்பதால், வெளியிலிருந்து வருபவருக்கு இணைப்பு கிடைக்கும், பதில் மட்டும் வராது. குபர்நெட்டிஸின் உயிர்நிலைச் சோதனை இயல்பாகப் பத்து நொடிக்கு ஒருமுறை நடந்து, மூன்று முறை பதில் கிடைக்காவிட்டால் நிரல் ஓடும் தனி உறையான கன்டெய்னரை நிறுத்தச் சொல்லும். மேலும் 30 நொடி பொறுத்துவிட்டு, நிரலைக் கட்டாயமாகக் கொல்லும் சிக்கில் (SIGKILL) என்ற சிக்னலை அனுப்பும். அந்த சிக்னல் வந்த கணமே கோர் எழுதும் வேலையும் பாதியில் நின்றுவிடும். இப்படியாக, ஒரு நிமிடத்துக்குள் எழுதப்பட்டது பெரும்பாலும் எங்களுக்குத் தேவையே இல்லாத கேஷ் (வேகத்துக்காக நினைவகத்தில் ஏற்றி வைத்த தரவு); எழுதாமல் போனது நாங்கள் தேடிய ஸ்டேக்.

முதல் வழி, கர்னலே நேரடியாகக் கோப்பாக எழுதுவது. கோர் கோப்பின் உச்ச அளவை யூலிமிட் கட்டளை வழியாக உயர்த்தி, கோர்-பேட்டர்ன் என்ற கர்னல் அமைப்பில் கோப்பின் பெயரையும் இடத்தையும் குறித்துவிட்டால் வேலை முடிந்தது. பல லினக்ஸ் வழங்கல்களில் அந்த அளவு இயல்பாகவே பூஜ்யம் என்பதால், எதையும் மாற்றாதவர்களுக்குக் கோப்பே கிடைக்காது. இந்த வழியின் எளிமைதான் அதன் பலம். இடையில் பழுதாக வேறொன்றும் இல்லை. ஆனால் கன்டெய்னர்களில் இரண்டு சிக்கல்கள் உண்டு. கோர்-பேட்டர்ன் அந்த நோட் (கன்டெய்னர்கள் ஓடும் கணினி) முழுவதற்கும் ஒன்றே. ஒரு கன்டெய்னருக்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. அதில் சாதாரணக் கோப்புப் பாதையைக் குறித்தால், அந்தப் பாதை விழுந்த நிரலின் கண்ணுக்குத் தெரியும் கோப்பமைப்பில்தான் தேடப்படும். ஆகவே தனி வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே உள்ள சேமிப்பிடம்) இணைக்காவிட்டால், கன்டெய்னர் அழியும்போது கோரும் சேர்ந்து அழியும்.

இதைவிட எங்களைச் சுட்டது வேறொன்று. புதிய வெளியீடு ஒன்றில் இருந்த பிழையால் நிரல் தொடங்கிய சில நிமிடங்களில் விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய கோப்பு. நோடின் டிஸ்கில் காலியிடம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனதும், குபர்நெட்டிஸ் அங்கிருந்த வேறு பாட்களை (கன்டெய்னர் தொகுதிகளை) வெளியேற்றத் தொடங்கியது. எங்கள் கோர் கோப்புகளுக்காக, எந்தத் தவறும் செய்யாத அடுத்த குழுவின் சேவை நின்றது. அளவுக் கட்டுப்பாடு இல்லாமல் கோர் எழுதுவதை நான் எதிர்க்கத் தொடங்கியது அன்றுதான்.

இரண்டாவது வழியில், கோர்-பேட்டர்னின் தொடக்கத்தில் பைப் குறியை இட்டு, அதன் பின் ஒரு நிரலின் பெயரைக் கொடுக்கிறோம், கர்னல் 2.6.19 பதிப்பிலிருந்து இவ்வசதி இருக்கிறது. கோர் அந்த நிரலுக்குள் நேரே பாயும், அந்த நிரல் கன்டெய்னருக்கு வெளியே, நோடின் ரூட் உரிமையோடு ஓடும். சிஸ்டம்டி-கோர்டம்ப் இவ்வகையில் பெரிதும் பயன்படுவது. உபுண்டுவில் அப்போர்ட் இதே இடத்தில் அமர்ந்திருக்கும். சிஸ்டம்டி-கோர்டம்ப் கோரைச் சுருக்கி வைக்கிறது, விழுந்த இடத்தின் ஸ்டேக்கை எழுத்தாக, சிஸ்டம்டியின் லாகான ஜர்னலில் பதிகிறது, எந்த நிரல் எப்போது எந்த சிக்னலால் விழுந்தது என்பதை ஒரே கட்டளையில் பட்டியலிடுகிறது. டிஸ்கின் மொத்த அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கோர்கள் போகாமலும், குறைந்தது பதினைந்து விழுக்காடு காலியாக இருக்கும்படியும் பழைய கோர்களை அதுவே நீக்கும். மேலே சொன்ன விபத்தைப் பட்ட எனக்கு இந்த இரண்டு எண்களே போதுமான காரணம். ஆனால் அதற்கும் அளவு வரம்பு உண்டு: பழைய பதிப்புகளில் இயல்பு வரம்பு 2 ஜிபி, 64 பிட் கணினிகளுக்கான புதிய பதிப்புகளில் 32 ஜிபி. எங்கள் நிரல் இரண்டையும் தாண்டியது. சேமித்த கோர்கள் ஒரு காலவரம்புக்குப் பின் தாமாகவே நீங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. பொங்கல் விடுமுறைக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய் வருபவருக்கு அந்தக் காலவரம்பு முக்கியம்.

சிலர் சிஸ்டம்டியை விட்டுவிட்டு, கோரை வாங்கி நேரே ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு அனுப்பும் சொந்தச் சேகரிப்பானை எழுதுகிறார்கள். நோடே அழிந்தாலும் கோர் தப்பும் என்பது உண்மையான நன்மை. ஆனால் அது ரூட் உரிமையோடு ஓடும் நிரல், மற்ற எல்லாம் குலைந்திருக்கும் நேரத்தில்தான் அதற்கு வேலை வரும், நெட்வொர்க் தாமதித்தால் விழுந்த நிரலும் அத்தனை நேரம் சாகாமல் தொங்கும். முதலில் நோடின் டிஸ்கில் எழுதிவிட்டு, பிறகு தனி வேலையாக அங்கிருந்து நகர்த்துவதே பாதுகாப்பானது என்று நினைக்கிறேன்.

மினிடம்ப் வேறு மரபில் வந்தது. விண்டோஸுக்காக மைக்ரோசாஃப்ட் வகுத்த கோப்பு வடிவம் அது. கூகுளின் பிரேக்பேட், அதற்குப் பின் வந்த கிராஷ்பேட் ஆகியவற்றின் மூலம் லினக்ஸிலும் மேக்கிலும் பரவியது. எல்லா த்ரெட்களின் ரெஜிஸ்டர்கள், அவற்றின் ஸ்டேக்குகள், ஏற்றப்பட்ட லைப்ரரிகளின் பட்டியல் ஆகியவையே அதில் இருக்கும், ஹீப் (நிரல் ஓடும்போது ஒதுக்கிக்கொள்ளும் நினைவகம்) இருக்காது. ஆகவே கோப்பு பெரும்பாலும் சில எம்பிக்குள் அடங்கும், ஒரு நொடிக்குள் எழுதி முடியும், உயிர்நிலைச் சோதனையோடு போட்டி போட வேண்டியதில்லை. பயனரின் கணினியிலோ கைபேசியிலோ ஓடும் மென்பொருளுக்கு இதைத் தவிர வேறு வழியே கிடையாது. அவருடைய இணைய இணைப்பில் 40 ஜிபியை அனுப்பச் சொல்ல முடியுமா? பிரேக்பேட் விழுந்த நிரலுக்குள்ளேயே இருந்து வேலை செய்யக்கூடியது. கிராஷ்பேட் அருகில் ஒரு தனி நிரலை நிறுத்தி வைத்து அதன் மூலம் பதிவெடுக்கிறது. நினைவகமே சிதைந்துபோன நிரலை அதன் கையாலேயே பதிவெடுக்கச் சொல்வதைவிட இரண்டாவது முறை நம்பகமானது.

எங்கள் நான்கு மாதப் பிழை இரண்டாம் முறை வந்தபோது மினிடம்ப் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். அன்று முழுக் கோர் கிடைத்திருந்தது. ஒரு பொருளின் விர்ச்சுவல் ஃபங்ஷனை அழைக்கும்போது நிரல் விழுந்திருந்தது. அந்தப் பொருளின் முதல் எட்டு பைட்டுகளில் விர்ச்சுவல் ஃபங்ஷன்களின் பட்டியலான விடேபிளின் முகவரி இருக்க வேண்டும். ஜிடிபியில் எண்ணாகப் பார்த்தபோது அது முகவரி போலவே இல்லை. அதையே எழுத்தாகக் காட்டச் சொன்னதும் நான்கு ஆங்கில எழுத்துகளும், ஒரு பூஜ்யமும், மேலும் சில இலக்கங்களும் வந்தன. பணப்பரிமாற்ற வேலையில் இருப்பவருக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை: பதினோரு எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அது ஒரு ஐஎஃப்எஸ்சி குறியீடு. விடுவிக்கப்பட்ட பொருள் இருந்த இடத்தில், வேறொரு பரிமாற்றத்தின் வங்கிக் கிளைக் குறியீடு குடியேறியிருந்தது.

இதுவரை மினிடம்ப்பும் வந்திருக்கும். அந்த எட்டு பைட்டுகள் ஒரு ரெஜிஸ்டரிலும் இருந்தன. அடுத்த கேள்விக்குத்தான் அதனிடம் பதில் இருந்திருக்காது. விடுவித்த பின்னும் அந்த முகவரியை வைத்துக்கொண்டிருந்தது யார்? முழுக் கோர் கையில் இருந்ததால், அந்த முகவரி வேறெங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று ஜிடிபியைக் கொண்டு நினைவகப் பகுதிகளைத் தேடவிட்டோம். இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று நிரல் விழுந்த ஸ்டேக். மற்றொன்று, தோற்றுப்போன பரிமாற்றங்களை மறுபடி முயலும் வரிசையில் இருந்த ஒரு பதிவு. காலாவதியாகி நீக்கப்பட்ட பரிமாற்றம் மறுமுயற்சி வரிசையிலிருந்து மட்டும் நீக்கப்படாமல் விடுபட்டிருந்தது. அன்று மாலைக்குள் பிழை திருத்தப்பட்டது. ஹீப் இல்லாத பதிவை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வர ஊகம்தான் துணை. ஊகத்தை உறுதிப்படுத்த இன்னொரு நான்கு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

லாகில் பேக்ட்ரேஸ் மட்டும் என்ற வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நிரலுக்குள்ளேயே சிக்னல் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் எழுதி, ஸ்டேக்கை அச்சிடச் செய்வது பலர் செய்வதுதான். ஆனால் ஹேண்ட்லருக்குள் நினைவகம் ஒதுக்குவதோ பூட்டு எடுப்பதோ பாதுகாப்பானதல்ல. நினைவகம் ஒதுக்கும் மாலாக்கின் நடுவே விழுந்த நிரல் அங்கேயே முடங்கிவிடும், கோரும் வராது, லாகும் வராது. அதே பேக்ட்ரேஸைச் சேகரிப்பான் வெளியிலிருந்து எடுத்துத் தரும்போது இந்த அபாயத்தை ஏன் ஏற்க வேண்டும்? விழாமல் உறைந்து நிற்கும் நிரலுக்கோ, ஓடும் நிரலின் கோரை எடுக்கும் ஜிகோர் உதவும். பதிவெடுக்கும் நேரம் முழுவதும் நிரல் நிறுத்தி வைக்கப்படும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். சிக்கிலால் கொல்லப்பட்ட நிரலுக்கு எந்த வழியிலும் கோர் கிடையாது. கன்டெய்னரின் வெளியேற்றக் குறியீடு 139 அல்லது 134 என்றால் கோரைத் தேடுங்கள். 137 என்றால், நினைவக வரம்பு மீறியதால் கர்னலே கொன்றதாக இருக்கலாம், அங்கே கோரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி, முழுக் கோரா மினிடம்ப்பா என்ற கேள்விக்கு நடுவில் இருக்கும் வழி. கோரில் எந்தெந்த வகை நினைவகம் சேர வேண்டும் என்பதை ஒவ்வொரு நிரலுக்கும் கோர்டம்ப்-ஃபில்டர் என்ற அமைப்பால் கட்டுப்படுத்தலாம்: நிரல் தனக்கென ஒதுக்கிய நினைவகம், மற்ற நிரல்களோடு பகிர்வது, கோப்புகளிலிருந்து இணைக்கப்பட்டது என்று வகைக்கு ஒரு பிட் உண்டு. அதைவிட நுட்பமாக, கர்னல் 3.4 முதல், ஒரு குறிப்பிட்ட நினைவகப் பகுதியைக் கோரில் சேர்க்க வேண்டாம் என்று நிரலே எம்அட்வைஸ் அழைப்பின் மூலம் சொல்ல முடிகிறது. எங்கள் 40 ஜிபியில் மிகப் பெரும் பங்கு டேட்டாபேஸிலிருந்து ஏற்றி வைத்த கேஷ். வேண்டுமானால் மறுபடி ஏற்றிக்கொள்ளக்கூடியது. அந்தப் பகுதியை ஒரே எம்மேப் இடமாக ஒதுக்கி விலக்கியதும் கோர் 3 ஜிபிக்குச் சற்றுக் கீழே இறங்கியது. பதினைந்து நொடியில் எழுதி முடிகிறது. சேகரிப்பானின் வரம்புக்குள்ளும், உயிர்நிலைச் சோதனையின் பொறுமைக்குள்ளும் அடங்குகிறது. மறுமுயற்சி வரிசையைக் காட்டிக்கொடுத்த ஹீப் முழுவதும் அதில் இருக்கிறது. பெரிய கேஷ் வைத்திருக்கும் சேவைகள் எல்லாவற்றுக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இதே அழைப்புக்கு இன்னொரு பயனும் உண்டு, அது எங்களைப் போன்ற தொழிலில் விருப்பத் தேர்வாகக்கூட இருக்க முடியாது. கோர் கோப்பு என்பது, விழுந்த கணத்தில் நிரல் அறிந்திருந்த எல்லாவற்றின் நகல்: வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண், மறைகுறியாக்கச் சாவி எல்லாம் அதில் வெறும் எழுத்தாகக் கிடக்கும். பணப்பரிமாற்றத் தரவுகள் இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சுற்றறிக்கை வெளியிட்டது. அப்படியிருக்க, வெளிநாட்டுச் சர்வரில் இயங்கும் க்ராஷ் சேகரிப்புச் சேவைக்குக் கோரை அனுப்புவது என்ன பொருள் தரும் என்பதைச் சட்டப் பிரிவினரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். மினிடம்ப் சிறியது என்பதால் இதிலிருந்து தப்பிவிடாது. அட்டை எண் ஒன்று ஸ்டேக்கில் இருந்தால் அது மினிடம்ப்பிலும் இருக்கும். கார்டின் சிவிவி எண்ணைப் பரிமாற்ற ஒப்புதலுக்குப் பின் சேமிக்கவே கூடாது என்பது அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐயின் விதி. கோரும் ஒரு சேமிப்புத்தான் என்பதை நாங்கள் தணிக்கையாளர் கேட்ட பிறகே உணர்ந்தோம். இப்போது சாவிகளும் அட்டை விவரங்களும் தனி நினைவகப் பகுதியில் ஒதுக்கப்பட்டுக் கோரிலிருந்து விலக்கப்படுகின்றன. கோர்கள் மும்பையில் உள்ள மறைகுறியாக்கிய சேமிப்பகத்துக்குப் போகின்றன. அவற்றைத் திறக்க நால்வருக்கு மட்டுமே அனுமதி, திறப்பவர் பெயர் பதிவாகும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், சிம்பல்கள் (முகவரிகளை ஃபங்ஷன் பெயராகவும் வரி எண்ணாகவும் மாற்ற உதவும் தகவல்) இல்லாவிட்டால் அது பூட்டிய பெட்டிதான். ஜிசிசி கம்பைலரில் டீபக் தகவலைச் சேர்க்கச் சொன்னால் நிரல் மெதுவாகும் என்ற தயக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. உருவாகும் இயந்திரக் கட்டளைகள் அதனால் மாறுவதில்லை, கோப்பின் அளவுதான் கூடுகிறது. அந்தத் தகவலைத் தனிக் கோப்பாகப் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு, மெலிந்த நிரலை மட்டும் சர்வருக்கு அனுப்பலாம். இரண்டையும் இணைப்பது பில்ட்-ஐடி என்ற அடையாளம். கோரிலிருந்தும் அதைப் படித்தெடுக்க முடியும். பில்ட்-ஐடியைச் சொன்னால் அதற்குரிய டீபக் கோப்பை நெட்வொர்க் வழியே தரும் டீபக்இன்ஃபோடி 2019இல் எல்ஃப்யூட்டில்ஸ் தொகுப்போடு வந்தது. ஒரு சிறிய மெஷினில் அதை நிறுவிவிட்டால் ஜிடிபியே கேட்டு வாங்கிக்கொள்ளும். முழுக் கோரும் சரியான சிம்பலும் உள்ள குழுவுக்கும், முழுக் கோர் மட்டும் உள்ள குழுவுக்கும் இடையே உள்ள தூரம், முழுக் கோருக்கும் மினிடம்ப்புக்கும் இடையே உள்ள தூரத்தைவிடப் பெரியது. பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சிம்பல் சேமிப்புக்குச் செலவிடுங்கள்.

நாங்கள் கடைசியில் தேர்ந்தது: நோடில் சிஸ்டம்டி-கோர்டம்ப், கேஷும் சாவிகளும் நீக்கிய கோர், முப்பது நாள் சேமிப்பு, ஜர்னலில் விழும் எழுத்து வடிவ ஸ்டேக் மட்டும் ஓராண்டு. நோடின் கோர்-பேட்டர்னை மாற்ற உங்கள் கிளவுட் சேவையில் அனுமதி இல்லையென்றால், கன்டெய்னருக்குள்ளேயே கிராஷ்பேடை வைத்து, அது எழுதும் இடத்துக்கு ஒரு நிலையான வால்யூமை இணைப்பதே உங்களுக்கு உகந்தது. ஹீப் கிடைக்காது, ஆனால் வருவது முழுமையாக வரும். ஜாவா, கோ போன்றவற்றில் எழுதுபவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. ஜாவாவில் நினைவகம் தீரும்போது ஹீப் டம்ப் எடுக்கச் சொல்லும் ஜேவிஎம் விருப்பத்தை இயக்குவதே முதல் படி. கோவில் பேனிக் ஆனதும் கோர் வர வேண்டுமென்றால் டிரேஸ்பேக் அமைப்பைக் க்ராஷ் என்று மாற்ற வேண்டும்.

ஏற்பாட்டை முடித்ததும், சோதனைச் சூழலில் ஓடிய நிரலுக்கு நாங்களே செக்மெண்டேஷன் ஃபால்ட் சிக்னலை அனுப்பிப் பார்த்தோம். கோர் பதினைந்து நொடியில் வந்தது, எங்கள் ஃபங்ஷன்களின் பெயரும் வரி எண்ணும் சரியாக வந்தன; ஸ்டேக்கில் சி லைப்ரரியைச் சேர்ந்த ஃபங்ஷன்களின் வரிகள் மட்டும் கேள்விக்குறிகளாகவே நின்றன. கன்டெய்னர் இமேஜில் இருந்த சி லைப்ரரிக்கும் ஆராயும் மெஷினில் இருந்ததற்கும் பில்ட்-ஐடி வேறு. அன்றிலிருந்து, வெளியிடும் ஒவ்வொரு இமேஜையும் அதன் கோர்கள் நீங்கும்வரை ரெஜிஸ்ட்ரியிலிருந்து அழிப்பதில்லை. இந்தச் சோதனையை ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன், யாராவது ஒருவர் ஓட்டிப் பார்க்கிறோம்.